டிஎன்ஏ சோதனைக்கு முன் அம்மாயியிடம் கேளுங்கள்

நீலகிரியில் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தில், சிலோனிலிருந்து திரும்பிய குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் தங்கள் டிஎன்ஏ சோதனை முடிவாக வந்த, டிஎன்ஏ ஒத்துப்போகிறவர்களின் பட்டியலை எனக்கு அனுப்பி, அதில் ஒரு பெயரைக் காட்டி, "இவர் நமக்கு என்ன முறை?" என்று கேட்கிறார்கள். அந்தப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு எங்கள் சொந்தத்தில் யாருக்கும் முறை சொல்ல முடியாது. அடித்துச் சொல்கிறேன்.

சிலோன் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணிகள் தங்கள் ஊரிலும் உறவிலும்தான் சேர்த்தார்கள். கப்பல் ஏறும்போதே பலர் சொந்தக்காரர்கள். பிறகு லயத்திலேயே, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலேயே, அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும், தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் கல்யாணம். இப்படி முடிச்சின் மேல் முடிச்சாக இறுகிய குடும்பங்களைத்தான் 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தம் அறுத்துப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கணக்கு எழுதினார்கள். எங்களில் ஒரு கிளை நீலகிரிக்கு, தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தது. இன்னொரு கிளை இலங்கையில் ஹட்டனிலேயே நின்றுவிட்டது.

சோதனை நிறுவனம் பார்ப்பது இருவருக்கும் பொதுவான டிஎன்ஏ துண்டுகளின் மொத்த நீளத்தை. அதைச் சென்டிமார்கன் என்ற அலகில் சொல்கிறார்கள். உங்கள் தாத்தாவும் பட்டியலில் வந்தவரின் பாட்டியும் உடன்பிறந்தவர்கள் என்றால் சராசரியாக 230 வரும். தாய்வழி, தகப்பன்வழி இரண்டிலும் அதே உறவு இருந்துவிட்டால் 460-ஐ ஒட்டிப் போகும். அந்தக் கல்யாணங்கள் கணினிக்குத் தெரியாது. உறவை ஒரு படி நெருக்கிக் காட்டிவிடும். இன்னொன்று: சித்தப்பா மகனும் மாமன் மகனும் அதன் கணக்கில் ஒன்றுதான், இருவருக்கும் சராசரி 870. நமக்கோ ஒருவர் அண்ணன், மற்றவர் மச்சான். யார் யாரைக் கட்டினார்கள் என்று அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்றவள், சொன்னால்தான் அந்த எண்ணுக்கு உயிர் வரும்.

சோதனை உறுதியாகப் பேசும் இடமும் உண்டு. பெற்ற பிள்ளைக்கு 3,400-ஐ ஒட்டி வரும். அக்காள் பிள்ளை என்றால் ஏறக்குறைய அதில் பாதி. ஆனால் நினைத்துப் பாருங்கள். இந்தியாவுக்குச் சேர்ந்து கப்பலேற வேண்டும் என்பதற்காகவே அக்காள் மகனைத் தன் மகன் என்று குடும்ப அட்டையில் எழுதிக்கொடுத்த வீடு எங்கள் உறவிலேயே உண்டு. வளர்த்தவரை "அப்பா" என்றே கூப்பிட்டு, அவருக்குக் கொள்ளியும் வைத்த மனிதரிடம், பேரன் ஒருவன் ஆசைக்குச் செய்த சோதனையின் முடிவைக் கைப்பேசியில் நீட்டுவது கொடுமை. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. சோதனைக்குக் கொடுக்கும் உங்கள் எச்சிலில் இருப்பது உங்கள் கதை மட்டும் அல்ல. உங்கள் அத்தைகள், சித்தப்பாக்கள் எல்லோருடையதும்தான். அவர்களிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

வீட்டார் மனதாரச் சம்மதித்தால், இருப்பவர்களில் வயதில் மூத்தவருக்கு முதலில் சோதனை செய்யுங்கள். தலைமுறைக்குத் தலைமுறை பாதி கழிந்துபோகிறது. பேரனிடம் இல்லாத துண்டு அம்மாயியிடம் இருக்கும். அதற்கு முன், பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை, தோட்டத்தின் பெயர், கங்காணியின் பெயர், விட்டுவந்த ஊர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஹட்டன், நுவரெலியா பக்கம் தங்கிவிட்ட உறவைத் தேடுகிறவர்கள் அந்த நோட்டோடு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.