தனியாக இருக்கத் தெரிவது

"யாரும் வேண்டாம், எனக்கு நானே போதும்" என்று மலையுச்சிப் படத்தோடு வரும் பதிவுகளுக்கு விருப்பக்குறிகள் குவிகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. மனிதர்களை வெட்டிவிட்டால் தனியாக இருக்கத் தெரிந்துவிடாது. நல்ல துணை வாய்த்தவர்களுக்குத்தான் அது சீக்கிரம் கைவருகிறது.

பிரிட்டிஷ் உளப்பகுப்பாய்வாளர் டொனால்ட் வின்னிகாட் 1958-இல் வெளியான ஒரு கட்டுரையில் இதைத்தான் சொன்னார். தாய் பக்கத்தில் இருக்கிறாள், ஆனால் குழந்தையைச் சீண்டுவதில்லை. அவள் இருக்கிறாள் என்ற தைரியத்தில் குழந்தை தன்போக்கில் கிடக்கிறது. பின்னாளில் தனித்திருக்கும் திறன் அங்கேதான் முளைக்கிறது என்பது அவர் கருத்து. பெரியவர்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். தனிமை என்றாலே பதறுபவர்கள், நம்பிக்கையான ஒருவரோடு ஒரே அறையில், பேசாமல், அவரவர் வேலையில் அரைமணி நேரம் இருந்து பழகலாம்.

சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் திமோதி வில்சன் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வு நல்ல சான்று. வெற்று அறையில் 15 நிமிடம் யோசித்துக்கொண்டிருக்க வேண்டும். வேண்டுமானால் ஒரு பொத்தானை அழுத்தி மின்அதிர்ச்சி வாங்கிக்கொள்ளலாம். காசு கொடுத்தாவது அந்த அதிர்ச்சியைத் தவிர்ப்போம் என்று முன்பே சொன்னவர்களிலேயே, 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் அழுத்தினார்கள்.

ஆகவே எடுத்த எடுப்பில் ஒரு நாள் முழுக்கத் தனியாக இருக்கப் போகிறேன் என்று கிளம்பாதீர்கள். பத்து நிமிடம் போதும். எப்போது எழுவது என்பதை முன்பே முடிவுசெய்யுங்கள். முடிவு தெரியாத தனிமைதான் பயமுறுத்தும். கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள், கவிழ்த்து வைத்தால் போதாது. உடல் களைத்த இரவு நேரம் வேண்டாம், அப்போது சின்னக் கவலையும் பெரிதாகத் தெரியும். முதலில் பாக்கி வேலைகள் வரிசைகட்டி வரும். பக்கத்தில் ஒரு தாள் வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு சொல்லில் குறித்துவிட்டால் மனம் அதை விட்டுவிடும். உட்கார முடியாதவர்கள் நடக்கலாம், காதில் எதுவும் மாட்டாமல்.

பெரும்பாலும் தவறு நடப்பது இதற்குப் பிறகுதான். பழைய அவமானம் ஒன்று வரும். அதே காட்சி, அதே வாக்குவாதம், அதே பதில். அது சிந்தனை இல்லை, அரைத்த மாவையே அரைப்பது. சிந்தனையில் ஒரு புதிய கேள்வியாவது பிறக்கும். மூன்றாவது சுற்றிலும் புதிதாக எதுவும் வரவில்லை என்றால் எழுந்துவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வதால் பக்குவம் வராது, புண்தான் ஆழமாகும்.

அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் இன்னும் ஒரு படி போகிறார். தனித்திருக்கும்போது நான் என்னோடு பேசுகிறேன், அதனால் அங்கே இருவர் இருக்கிறோம். அந்த இருவர் மீண்டும் ஒருவராக இன்னொரு மனிதர் தேவை என்கிறார். இதை வைத்து நம்மையே சோதிக்கலாம். தனித்திருந்து எழுந்தபின் யாரையாவது பார்க்கத் தோன்றுகிறதா? நல்லது. வாரக்கணக்கில் எந்த அழைப்பையும் எடுக்கப் பிடிக்கவில்லை, தூக்கமும் பசியும் கெடுகின்றன என்றால், அதற்கு ஏகாந்தம் என்று பெயர் சூட்டிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

விரும்பாத தனிமை வேறு வகை. கைதிகளை நடத்தும் முறைக்காக ஐ.நா. 2015-இல் ஏற்ற மண்டேலா விதிகள், நாளுக்கு 22 மணி நேரமோ அதற்கு மேலோ பொருளுள்ள மனிதத் தொடர்பின்றி அடைப்பதைத் தனிமைச்சிறை என வரையறுத்து, தொடர்ந்து 15 நாட்களைத் தாண்டினால் அதைத் தடைசெய்கின்றன. அந்த அளவுக்குத் தனிமை மனிதனை உடைக்கும். துணையை இழந்தவரிடமும் வீட்டோடு முடங்கிய முதியவரிடமும் போய்த் தனிமையின் இனிமையை விளக்காதீர்கள். எப்போது வரட்டும் என்று கேட்டுவிட்டு, சொன்ன நேரத்துக்குப் போங்கள்.