மூன்று இடிஎஃப் வாங்கினால் 180 பங்குகளா?

நிஃப்டி 50, சென்செக்ஸ், நிஃப்டி 100 இடிஎஃப்களில் (ஒரு குறியீட்டில் உள்ள பங்குகளையே வைத்திருக்கும், சந்தையில் பங்குபோல வாங்கி விற்கக்கூடிய ஃபண்டுகள்) ஒவ்வொன்று வாங்கினால் பணம் 50+30+100 என 180 பங்குகளில் பரவும் என்றொரு கணக்கு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. நிஃப்டி 100 என்பதே நிஃப்டி 50-ம் அதற்கு அடுத்த 50 பெரிய நிறுவனங்களான நிஃப்டி நெக்ஸ்ட் 50-ம் சேர்ந்ததுதான். சென்செக்ஸின் 30-ம் பெரும்பாலும் அதே பெரிய நிறுவனங்கள். ஆக, கையில் இருப்பது ஏறக்குறைய 100 பங்குகள்.

சரிபார்க்க, ஃபண்ட் நிறுவனங்கள் மாதந்தோறும் வெளியிடும் பங்குப் பட்டியல்களை எடுங்கள். எல்லாம் ஒரே மாதத்துக்குரியதாக இருக்கட்டும். பெயரை வைத்துப் பொருத்தினால் ‘லிமிடெட்’, ‘லிட்.’ வித்தியாசத்திலேயே எக்செல் கோட்டைவிடும்; ஒவ்வொரு பங்குக்கும் உள்ள தனி அடையாளமான ஐஎஸ்ஐஎன் எண்ணே நம்பகமானது. ஒரு பங்கு ஒரு ஃபண்டில் 12%, இன்னொன்றில் 9% என்றால் சிறியதான 9-ஐ மட்டும் எடுங்கள். இப்படி எல்லாப் பங்குகளுக்கும் கூட்டினால் வருவதே இரண்டு ஃபண்டுகளுக்கும் பொதுவான சதவீதம்.

நிஃப்டி 50-ஐயும் நெக்ஸ்ட் 50-ஐயும் இப்படி ஒப்பிட்டால் விடை பூஜ்ஜியம்; இரண்டிலும் பொதுவான நிறுவனமே இல்லை.