ஆறிப்போன முத்துக்கு ஆறு வெள்ளியா?

நேற்று இரவு ஒன்பதரை மணிக்கு வேலை முடிந்து வரும் வழியில், சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு அடியில் இருக்கும் கடையில் ஒரு பபிள் டீ, அதாவது முத்து என்கிற மாவு உருண்டைகள் போட்ட டீ, வாங்கினேன். விலை ஆறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). முதல் முத்தைக் கடித்ததுமே வாயெல்லாம் மாவு. துப்பி, டிஷ்யூவில் வைத்து நகத்தால் பிளந்து பார்த்தேன். மேலே வழவழவென்று கறுப்பு, உள்ளே வெளிறிப்போய் கட்டி தட்டிய மாவு. இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை.

‘டீயை யாராவது மென்று குடிப்பார்களா’ என்று முகம் சுளிப்பவர்களோடு வருஷக்கணக்காகச் சண்டை போடுகிறவள் நான். ஜவ்வரிசிப் பாயசம் குடித்து வளர்ந்த வாய்தானே நமக்கு? சேலத்து ஜவ்வரிசியும் தைவான்காரர்கள் 1980களில் டீயில் போட்ட முத்தும் ஒரே மரவள்ளிக்கிழங்கு மாவில் பிறந்தவை. சரியாக வெந்த முத்து பல்லுக்கு அடியில் ஒரு நொடி இழுத்துப் பிடித்து, அப்புறம் விட்டுக்கொடுக்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் ஐயா இந்த ஊரே வரிசையில் நிற்கிறது! 2020 ஏப்ரல் 21 அன்று, கொரோனாவால் இன்றிரவோடு பபிள் டீ கடைகளை மூடச் சொல்லிவிட்டார்கள் என்றதும் சிங்கப்பூரில் எத்தனை பேர் ஓடினார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? நானும் அந்தக் கூட்டத்தில் நின்றவள்தான்.

வெந்த முத்தின் ஆயுள் சில மணி நேரம். அதற்குமேல் ஆறினால் மாவு இறுகிவிடும். மிஞ்சிய பாயசத்தை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் எடுத்துப் பார்த்த யாருக்கும் இது தெரியும். கடைக்காரருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். கடை மூடும் நேரத்தில் இன்னொரு சட்டி வேகவைத்தால் மிஞ்சிவிடும் என்ற கணக்கு. அந்தக் கணக்கின் நஷ்டத்தை என் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?

இதில் சர்க்கரை வேறு. பூஜ்யம், இருபத்தைந்து, ஐம்பது சதவீதம் என்று எந்த அளவு வேண்டும் என்று அக்கறையாகக் கேட்கிறார்கள். நான் பூஜ்யம் சொல்கிறேன். சர்க்கரைப் பாகிலேயே மணிக்கணக்காக ஊறிய முத்தை ஒரு கரண்டி அள்ளிப் போடுகிறார்கள். ‘முத்திலும் சர்க்கரை இருக்கிறது’ என்று ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கிறார்களா?

திரும்பிப் போய் அந்தக் கல்லாப் பெண்ணிடம் கோப்பையைக் காட்டினேன். படிக்கிற பிள்ளை, பகுதி நேர வேலை போலிருக்கிறது. “அக்கா, சாயந்திரம் வேகவைத்ததுதான் இருக்கு, புதுசு போடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க” என்றாள், கண்ணைப் பார்க்காமல். அவளிடம் என்ன கோபப்படுவது? என் கோபமெல்லாம் அவளை அப்படிச் சொல்ல வைத்த முதலாளி மேல்தான்.

முத்து தீர்ந்துவிட்டது என்று ஒரு அட்டையில் எழுதி மாட்டுங்கள். வெறும் டீயை வாங்கிக்கொண்டு போகிறேன். புதிதாக வேகவைக்க ஒரு மணி நேரம் ஆகும் என்றாலும் சொல்லுங்கள், அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். காசை வாங்கிக்கொண்டு மாவுக்கட்டியைக் கொடுக்காதீர்கள்.