ஸ்வீடனின் கிருணாவில் தோண்டத் தொடங்கிவிட்டார்களா?

"ஸ்வீடனின் வடகோடியில் ஆளே இல்லாத பனிக்காட்டில் பத்து லட்சம் டன் அரியவகைத் தனிமங்கள்! தோண்டவும் ஆரம்பித்துவிட்டார்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது.

எண்ணிக்கை ஏறக்குறைய சரிதான். மின்வாகன மோட்டார்களுக்கான காந்தங்கள் செய்ய உதவும் அரியவகைத் தனிமங்களின் (rare earths) ஆக்சைடுகள் பத்து லட்சம் டன்னுக்கும் மேல் இருப்பதாக, ஸ்வீடன் அரசின் சுரங்க நிறுவனமான எல்.கே.ஏ.பி. (LKAB) 2023 ஜனவரி 12 அன்று அறிவித்தது. ஆனால் தாது சந்தைக்கு வரக் குறைந்தது 10 முதல் 15 ஆண்டுகள் ஆகும் என்றும் அதே அறிவிப்பில் சொல்லியிருக்கிறது. நிறுவனத்தின் இணையதளத்திலேயே படிக்கலாம். ஆய்வுக்காகச் சுரங்கப்பாதை வெட்டுவது வேறு, தாது எடுத்து விற்பது வேறு.

'ஆளே இல்லாத' என்பதுதான் பெரிய பொய். 'பேர் கெயர்' (Per Geijer) எனப்படும் அந்தத் தாதுப் படிவு கிருணா நகரத்தை ஒட்டி இருக்கிறது. வட ஐரோப்பாவின் 'சாமி' (Sámi) பழங்குடியினரில் காப்னா என்ற சமூகத்தின் மேய்ச்சல் நிலமும் அதுவே. கோடையில் மேற்கு மலைகளுக்கும், குளிர்காலத்தில் கிழக்குக் காடுகளுக்கும் அவர்கள் கலைமான்களை ஓட்டிப் போவார்கள். பழைய இரும்புச் சுரங்கமும் நகரமும் அந்த வழியை ஏற்கெனவே குறுக்கிவிட்டன. புதுச் சுரங்கம் வந்தால் மிச்சப் பாதையும் அடைபடும் என்று காப்னா மக்கள் வெளிப்படையாகவே எதிர்க்கிறார்கள்.

உங்கள் குழுவில் இது வந்தால், தயவுசெய்து மேற்கொண்டு அனுப்பாதீர்கள்.