வாடின செடித் தூரில் மருந்தை ஊற்றிவிட்டு வீடியோ போட்ட தம்பிக்கு

அந்த வீடியோவை நேற்றிலிருந்து ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். மேலூர்ப் பக்கத் தக்காளித் தோட்டத்தில் நின்றுகொண்டு "டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் எல்லாம் சுத்த ஏமாத்து" என்று பேசுகிறாரே, அதேதான். வாடல் நோயைத் தடுக்க மண்ணில் போடும் நுண்ணுயிர் மருந்துகளைத்தான் அப்படிச் சொல்கிறார். கமெண்டில் என் பெயரை இழுத்து "முகநூல் விவசாயி எங்கப்பா?" என்று வேறு. இங்கேதான் இருக்கிறேன்.

அந்தச் செடிகளைக் கவனித்தீர்களா? காய் பிடிக்கிற நேரத்தில் பாதிப் பாத்தி தலை தொங்கி நிற்கிறது. அதன் தூரில் பொடியைக் கரைத்து ஊற்றுகிறார். ஒரு வாரம் கழித்துச் செத்த செடியைப் பிடுங்கிக் காட்டுகிறார். வெள்ளம் வந்த பிறகு அணை கட்டப் போய்விட்டு, கல்லு சரியில்லை என்கிறார். ஐயா, இது நடவுக்கு முன்னால் மண்ணில் இருக்க வேண்டிய சரக்கு.

டிரைக்கோடெர்மா ஒரு பூஞ்சணம். நோய்ப் பூஞ்சணத்தின் இழையைச் சுற்றி வளைத்து, அதன் சுவரைக் கரைத்துத் தின்னும். சூடோமோனாஸ் பாக்டீரியா. வேரோரம் குடியேறி, இரும்புச் சத்தை நோய்க்கிருமிக்குக் கிடைக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும், செடியின் எதிர்ப்பையும் தூண்டும். எல்லாம் வேரைக் கிருமி தொடும் முன்பு நடக்க வேண்டிய வேலை. ஃபுசேரியம் என்கிற வாடல் நோய்ப் பூஞ்சணம் தண்டுக்குள் புகுந்து நீரோட்டத்தை அடைத்த பிறகு, வெளியே மண்ணில் கிடக்கிறது என்ன செய்யும்?

அது பூஞ்சண வாடலா, பாக்டீரியா வாடலா என்றாவது பார்த்தாரா? தண்டைத் தூருக்குச் சற்று மேலே வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் முனை மட்டும் படும்படி பிடித்தால் போதும். பாக்டீரியா வாடலாக இருந்தால் சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் கீழே இறங்கும். வீடியோ எடுக்கத் தோதான காட்சி அதுதான், அதை விட்டுவிட்டார்.

எங்கள் சித்தப்பா வாடிப்பட்டிப் பக்கம் தக்காளி போடுகிறவர். மருந்துக் கடையில் டிரைக்கோடெர்மாவையும் கார்பன்டசிம் என்கிற பூஞ்சணக்கொல்லியையும் சேர்த்துக் கொடுத்து, "ஒண்ணாக் கலந்து ஊத்துங்கண்ணே, டபுள் பவர்" என்றிருக்கிறார்கள். பூஞ்சணக்கொல்லி பூஞ்சணத்தைக் கொல்லாமல் கொஞ்சுமா? பாக்கெட் கிடந்ததும் தகரக் கொட்டகையில், சித்திரை வெயிலில். உள்ளே உயிர் இருந்தால்தான் அது மருந்து, இல்லாவிட்டால் முகத்துக்குப் போடும் டால்கம் தூள். டீக்கடையில் அவரைத்தான் சிரித்தார்கள், கடைக்காரரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சித்தப்பா இன்னும் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

"உனக்குக் கம்பெனி எவ்வளவு கொடுத்தான்?" என்று கேட்பீர்கள். ஏக்கருக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மாப் பொடி. மட்கிய தொழு உரத்தில் கலந்து, நிழலில் ஈரச் சாக்கு போட்டு மூடிவைத்து, அப்புறம் வயலில் தூவுகிற வேலை. நாற்று வேரைச் சூடோமோனாஸ் கரைசலில், லிட்டருக்கு 5 கிராம், அரை மணி நேரம் நனைத்து நடுவது. இதில் எனக்குப் பங்களா கட்டக் காசு வருகிறதாம். வாடல் வந்த பிறகு வாரம் ஒரு புட்டியாக வாங்கி ஊற்றுகிறீர்களே, அந்தக் காசு யாருக்குப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை.

"எங்களுக்குப் பலிக்கவில்லை" என்பவர்களுக்கு: சரி, இருக்கலாம். பாக்டீரியா வாடல் ஊறிப்போன மண்ணில் இது மட்டும் போதாது. தக்காளிக்குப் பின் கத்தரி, கத்தரிக்குப் பின் மிளகாய் என்று ஒரே குடும்பத்தையே மாற்றி மாற்றி நட்டால் எதுவும் போதாது.

மதுரை ஒத்தக்கடையில் 1965லிருந்து வேளாண் கல்லூரி இருக்கிறது. மேலூரிலிருந்து மாட்டுத்தாவணி வருகிற பஸ் அந்த வழியாகத்தான் வருகிறது. இறங்கி ஒரு வார்த்தை கேட்க நேரமில்லை, டிரோன் ஷாட் எடுக்க நேரமிருக்கிறது. கிலோ ஐந்துக்கும் பத்துக்கும் விற்கிற காலத்தில் அரைத் தோட்டம் காய்ந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும் தம்பி. அதனால்தான் எரிகிறது. இருக்கிற மலிவான வழியையும் வேண்டாம் என்று நாலு பேரை நம்பவைத்துவிட்டீர்கள்.

கடைசியில் அதே பாத்தியில் மறுபடி தக்காளிதான் என்கிறீர்கள். ஒரு போகம் மக்காச்சோளம் போட்டுப் பாருங்கள். அதையும் வீடியோ போடுங்கள், முதல் லைக் என்னுடையது.