ட்ரோன் இல்லாமலும் கதை வரும்
கார் வீடியோவில் கதை சொல்ல ட்ரோனும், கேமரா ஆடாமல் தாங்கிப் பிடிக்கும் கிம்பலும் கட்டாயம் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பெரியப்பா தன் பழைய அம்பாசடரை விற்றபோது போனிலேயே படம் பிடித்தேன். ஸ்டீயரிங்கை ஒட்டிய கியர் கம்பியில் அவர் கை படும் இடம் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அதையே 10 விநாடி அசையாமல் எடுத்தேன். அப்புறம் கதவு சாத்தும் அந்தக் கனமான சத்தம். மேற்கு வங்கத்தின் உத்தரபாரா ஆலையில் 2014-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி என்பதால், உதிரி பாகத்துக்கு அவர் அலைந்த கதையை அவர் குரலிலேயே பின்னணியில் ஓடவிட்டேன். வண்டி தெருமுனை திரும்பும்போது கேமராவை வாசலில் நின்ற அவர் பக்கம் திருப்பினேன். பார்த்த எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் முதல் காட்சியிலேயே பெயின்ட் பளபளப்பைக் காட்டச் சொல்கிறார். ஷோரூம் விளம்பரத்துக்கு அது சரி. 30 வருடம் ஒருவரே ஓட்டிய வண்டி என்றால் டிரைவர் சீட்டில் விழுந்திருக்கும் பள்ளத்தைத்தான் நான் முதலில் காட்டுவேன்.