சொந்த ஏரியாவுக்கே தன்னார்வலராக வந்த கதை

"நானும் சேரலாமாக்கா?" என்று உள்பெட்டியில் வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். ஊர் ஊராகப் போய்த் தங்கி வேலை செய்யும் இளைஞர் சேவைக் குழு ஒன்றில் பத்து மாதம் இருந்தேன். போன வருடம் முடிந்தது. ஆளாளுக்குப் பதில் எழுதி மாளவில்லை, மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

சேரலாம். தாராளமாகச் சேரலாம். ஆனால் அங்கே யார் யாருக்கு உதவுகிறார்கள் என்பதில் மட்டும் தெளிவாக இருங்கள். எனக்கு அது விளங்க எட்டு மாதத்துக்கு மேல் ஆனது.

நான் வடசென்னை தண்டையார்பேட்டைக்காரி. கிளம்பும்போது அம்மா வாசலில் நின்று கேட்டது இதுதான்: "குப்பை அள்ள தேனி வரைக்கும் எதுக்குடி போற, நம்ம தெருவுல இல்லாத குப்பையா?" அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. பதில் வரவில்லை.

குழுவில் பதினொரு பேர். ஆறு பெண்கள், ஐந்து பையன்கள். தேனி, நாகப்பட்டினம், திருவண்ணாமலை, கடைசியாக எங்கள் வடசென்னைப் பக்கமே உள்ள எண்ணூர். தங்குவது பள்ளி வகுப்பறையிலோ சமுதாயக் கூடத்திலோ. காலை ஐந்தரைக்கு எழுந்தால்தான் குளியலறை கிடைக்கும், ஏனென்றால் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். பெண்களுக்கு மாதத்தில் அந்த மூன்று நாட்களில் என்ன வசதி என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை, அனுபவித்தேன். கைச்செலவுக்கு மாதம் 3,000 ரூபாய் கொடுத்தார்கள். அதில் பாதி ரீசார்ஜுக்கும் பரோட்டாவுக்கும் போய்விடும்.

சமையல் முறை வைத்துதான். தினம் இரண்டு பேர். பதினொரு பேருக்குச் சாம்பார் வைப்பது நாலு பேருக்கு வைப்பதை மூன்றால் பெருக்குவது இல்லை என்று முதல் வாரமே தெரிந்துகொண்டோம். புளியை அப்படிப் பெருக்கியதில் அன்றைக்கு எல்லோரும் தயிரும் சோறும்தான். நாகர்கோவில் பெண்ணுக்கு எதில் பார்த்தாலும் தேங்காய் வேண்டும். நான் ஒருநாள் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்ததில் குழுவே இரண்டாக உடைந்து, ஒரு கட்சி வராண்டாவில் போய்ப் படுத்தது. சண்டையெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான்: சார்ஜர் பாயிண்ட், குறட்டை, யார் பாத்திரம் கழுவவில்லை. கொள்கைக்காகச் சண்டை போட்டதாக ஒன்றுகூட நினைவில்லை. ஆனால் வீட்டில் ஒரு தம்ளரைக்கூடக் கழுவாத பையன்கள் மூன்றாம் மாதத்தில் தானாகவே அரிசி களைந்தார்கள். அந்த ஒன்றுக்காகவே இந்தத் திட்டத்துக்கு ஒரு கும்பிடு போடலாம்.

வேலை என்றால் பள்ளிச் சுவருக்குப் பெயிண்ட், மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம், கரை சுத்தம், கன்று நடுவது. எது செய்தாலும் முதலில் பேனர். பேனரை மறந்துவிட்டு வேலையை முடித்த ஒருநாள், அள்ளிய குப்பையில் கொஞ்சத்தைத் திரும்பப் பரப்பிவைத்துப் படம் எடுத்தோம். சிரிக்காதீர்கள், நிஜமாகவே நடந்தது.

சரி, எண்ணூருக்கு வருகிறேன்.

வந்து இறங்கிய அன்று மாலை ஒருங்கிணைப்பாளர் எங்களை உட்காரவைத்து ஏரியா பற்றிச் சொன்னார். "ஆறு மணிக்கு மேல் யாரும் தனியாக வெளியே போகாதீங்க. கொஞ்சம் ரஃப்பான இடம். ஃபோனைக் கையில வெச்சுக்கிட்டு நடக்காதீங்க." எங்கள் வீடு அங்கிருந்து முக்கால் மணி நேரத் தூரம். ஆறு மணிக்கு மேல்தான் எங்கள் தெருவுக்கே உயிர் வரும். கேரம் போர்டு வெளியே வரும், அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கடையில் தட்டுச் சத்தம் கேட்கும், டியூஷன் விட்டு வரும் பிள்ளைகள் வழியை அடைத்துக்கொண்டு நடப்பார்கள். தேனியில் சேர்ந்த பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் ஒன்றும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் என் பழைய நோட்டைப் புரட்டினேன். தேனியில் முதல் நாள் இதே மாதிரி ஒரு வகுப்பு நடந்தது. "இங்குள்ளவர்கள் கூச்ச சுபாவம். படிப்பில் ஆர்வம் குறைவு" என்று என் கையெழுத்திலேயே இருந்தது. யாரோ சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு, அதே கண்ணோடு ஐந்து வாரம் அந்த ஊரில் நடமாடியிருக்கிறேன்.

எண்ணூரில் எங்களுக்கு ஒதுக்கிய வேலை கொசஸ்தலை ஆற்றங்கரையில் அலையாத்திக் கன்று, அதாவது உப்புத்தண்ணீர்ச் சேற்றில் வளரும் மாங்குரோவ் கன்று, நடுவது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய்க் கழிவு இந்தக் கழிமுகத்துக்குள் வந்தது நினைவிருக்கும். அலையாத்திச் செடிகளின் அடியெல்லாம் கறுத்துக் கிடந்தது. இறால், நண்டு, மடவை என்று இந்தத் தண்ணீரை நம்பிப் பிழைப்பவர்களின் படகும் வலையும் பிசுபிசுத்துப் போயின. அந்த எண்ணெயை மொண்டு டிரம்மில் ஊற்றியது யார் என்று நினைக்கிறீர்கள்? அங்குள்ள மீனவர்களேதான். அந்த மாதம் முடிவதற்குள், 26-ம் தேதி ராத்திரி அமோனியா வாயு கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். அந்த ராத்திரி கதவைத் தட்டித் தட்டி எழுப்பியது பக்கத்து வீட்டுக்காரர்கள்.

இவர்களை யாரும் தன்னார்வலர் என்று எழுதுவதில்லை. 2015 வெள்ளத்தில் படகைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வந்தவர்களையும் "மீனவ நண்பர்கள்" என்று ஒரு வாரம் கொண்டாடிவிட்டு மறந்தோம். வெளியூரிலிருந்து டீ-சர்ட் போட்டுக்கொண்டு வந்தால் தன்னார்வலர். உள்ளூர்க்காரன் அதையே செய்தால் அவன் ஏரியா பையன். அவ்வளவுதான் வித்தியாசம்.

நாங்கள் கன்றுகளை இறக்கிவைத்துக் குழி தோண்டும்போது, படகில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார்.

"இன்னாம்மா, இங்கயா வெக்கிறீங்க?"

"ஆமா தாத்தா."

"இது மேடு. இங்க தண்ணி ஏறாது. வெயில்ல உப்பு பூத்துப் போயிடும். அந்தாண்ட சேத்துல எறங்கி வெய்யி, நிக்கும்."

அலையாத்திக்கு ஓதத் தண்ணீர், அதாவது கடல் பொங்கி வடியும் தண்ணீர், ஏறி இறங்க வேண்டும். அது வராத மேட்டில் மண்ணில் உப்பு தங்கிக் கன்று கருகிவிடும். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டிவிட்டு நடுவது இதற்காகத்தான். இதெல்லாம் நான் பிறகு தேடிப் படித்தது. பெரியவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். ஆனால் அவர் காட்டிய இடத்தில் முழங்கால் வரை சேறு. பேனர் பிடிக்க முடியாது, மதியத்துக்குள் 500 கன்று நட வேண்டும் என்று கணக்கும் இருந்தது. மேட்டிலேயே நட்டோம். படம் அழகாக வந்தது.

அவர் கோபப்படவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. "நீ எந்த ஏரியா?" என்றார். தண்டையார்பேட்டை என்றதும், "அட, நம்ம பொண்ணு" என்று சொல்லிவிட்டு, பதினொரு பேருக்கும் டீ சொல்லி அனுப்பினார். போன வருடமும் ஒரு கோஷ்டி வந்ததாம், அவர்களும் மேட்டில்தான் நட்டார்களாம். அவர்களுக்கும் டீ வாங்கிக் கொடுத்திருப்பார்.

குழு கலைந்தது. சான்றிதழ் வாங்கிக்கொண்டு அவரவர் ஊருக்குப் போனார்கள். பயணக் குழுவில் உள்ள வசதியே அதுதான். நட்டது பிழைத்ததா, அடித்த பெயிண்ட் உரிந்ததா என்று யாரும் பார்க்க வேண்டியதில்லை. அடுத்த ஊர் வந்துவிடும். எனக்குத்தான் அந்த வசதி கிடைக்கவில்லை. விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ, அப்புறம் ஷேர் ஆட்டோ. எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். 500-ல் உயிரோடு இருந்தவை பதினேழு. இரண்டு முறை எண்ணினேன்.

இதை எழுதினால் "அப்போ யாரும் எதுவும் செய்யவே கூடாதா?" என்று ஒருவர் கண்டிப்பாக வருவார். அப்படிச் சொல்லவில்லை. ஊர்விட்டு ஊர் போய் உழைக்கும் யோசனை பழசு, நல்ல யோசனையும்கூட. முதல் உலகப்போர் முடிந்து 1920-ல் பியர் செரெசோல் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் பிரான்சில் வெர்தூன் பக்கத்தில் இடிந்து கிடந்த ஒரு கிராமத்தைக் கட்டியெழுப்பப் பல நாட்டு ஆட்களோடு போனார். 1934 பீகார் நிலநடுக்கத்துக்குப் பிறகு இந்தியாவுக்கும் வந்தார். வந்தவர் அடுத்தடுத்த வருடங்களிலும் திரும்பி வந்தார் என்பதைக் கவனியுங்கள். 1969-ல் தொடங்கிய நம் நாட்டு நலப்பணித் திட்டத்திலும் (என்.எஸ்.எஸ்.) ஒரு கிராமத்தையோ குடிசைப் பகுதியையோ தத்தெடுத்துத் தொடர்ந்து வேலை செய்வதுதான் ஏற்பாடு. நான் படித்த கல்லூரியில் ஏழு நாள் முகாமுக்கு எந்த ஊரில் மண்டபம் இலவசமாகக் கிடைக்கிறதோ அந்த வருடம் அந்த ஊர். அது வேறு கதை.

என் கட்சி இவ்வளவுதான். இந்தப் பத்து மாதத்தில் பயனடைந்தது நாங்கள் பதினொரு பேர். எங்களைத் தங்கவைத்து, சோறு போட்டு, வேலை கற்றுக்கொடுத்து, நாங்கள் செய்த தப்பைப் பொறுத்துக்கொண்டது அந்தந்த ஊர்க்காரர்கள். "பயனாளிகள் எண்ணிக்கை" என்று ஒரு படிவம் வாரா வாரம் நிரப்புவோம். அதில் எங்கள் பெயரைத்தான் எழுதியிருக்க வேண்டும். நான்கு ஊருக்குப் பதில் இரண்டு ஊர் போதும். ஒவ்வொன்றிலும் முதல் வாரம் மண்வெட்டியைத் தொடாமல் ஊர்க்காரர்கள் பின்னாலேயே சுற்றினாலே 500-ல் பாதியாவது நின்றிருக்கும்.

இதையெல்லாம் ஒருங்கிணைப்பாளரிடம் ஃபோனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "கருத்துப் படிவத்துல எழுதி அனுப்பும்மா" என்றார். எழுதி அனுப்பிவிட்டேன். அம்மாவிடம் பதினேழு கணக்கைச் சொன்னபோது அவள் ஒன்றும் சொல்லாமல் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

அடுத்த குழு ஆகஸ்டில் எண்ணூருக்கு வருகிறது என்று கேள்விப்பட்டேன். அதில் இருக்கும் தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால், நடும் நாளுக்கு முன்னாலேயே பெரியவரைப் போய்ப் பாருங்கள். ஆற்றங்கரையில் படகு கட்டும் இடத்தில்தான் இருப்பார். விடியற்காலையில் போங்கள், பத்து மணிக்கு மேல் தூங்கிவிடுவார். செருப்பைக் கரையிலேயே விட்டுவிடுங்கள், அந்தச் சேறு பிடித்தால் விடாது. டீக்காசை இந்த முறை நீங்கள் கொடுங்கள்.